புவி இயற்பியல் ஆய்வுக்கான கணினி கிளஸ்டரைப் புதுப்பிக்கும் முறை: வடசென்னையிலிருந்து ஒரு வழிகாட்டி

புதிய கணினிகள் வாங்க நிதி ஒப்புதல் வந்துவிட்டது என்று தெரிந்த மறுநாளே விற்பனையாளர்களிடம் விலைப்புள்ளி கேட்கத் தொடங்குவது நம் கல்வி நிறுவனங்களில் பழகிப்போன நடைமுறை. மார்ச் 31க்குள் பணத்தைச் செலவிட்டாக வேண்டும் என்ற அவசரமும் அதோடு சேர்ந்துகொள்ளும். அந்த அவசரத்துக்கு இடம் கொடுக்காமல், முதல் ஒரு மாதத்தை அளப்பதற்கு மட்டுமே ஒதுக்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். தண்டையார்ப்பேட்டையை ஒட்டிய ஒரு வளாகத்தில் பதினாறு நோடுகள் (தனித்தனிக் கணினிகள்) வலையால் இணைந்து ஒன்றாக இயங்கும் கிளஸ்டரைப் பல ஆண்டுகள் பராமரித்து, பிறகு அதை முழுமையாகப் புதுப்பித்த அனுபவத்திலிருந்து இதை எழுதுகிறேன். நாங்கள் செய்த நல்ல முடிவுகள் அனைத்தும் அந்த ஒரு மாத அளவீட்டிலிருந்து வந்தவை. அளக்காமல் விட்ட இடங்களில்தான் பின்னால் வருந்த நேர்ந்தது.

அளக்க வேண்டியவை இரண்டு. ஒன்று, உங்கள் ஆய்வாளர்களின் நிரல்கள் கணினியிடம் உண்மையில் எதைக் கேட்கின்றன என்பது. மற்றொன்று, அந்தக் கணினி நிற்கப்போகும் அறை அதற்கு எதைத் தரும் என்பது. கடலும் தொழிற்சாலைகளும் சூழ்ந்த வடசென்னையில் இரண்டாவது கேள்விக்கு முதல் கேள்விக்கு இணையான எடை உண்டு. ஆகவே இந்தக் கட்டுரையில் அறையைப் பற்றிச் சற்று விரிவாகவே எழுதியிருக்கிறேன்.

நிரல்கள் எதைக் கேட்கின்றன

ஒரே துறைக்குள் மூன்று வகையான கணக்குகள் ஓடுவதைப் பார்க்கலாம். மீஞ்சூர்ப் பகுதியின் நிலத்தடி நீரில் கடல்நீர் உட்புகுந்திருப்பதை மின்தடை அளவீடுகளால் ஆராயும் மாணவருக்கு, ஒன்றையொன்று சாராத ஆயிரக்கணக்கான சிறு கணக்குகள் தேவைப்படும். ஒவ்வொன்றும் செயலியின் ஒரு கோரில் (தனியே கணக்கிடும் ஒரு பகுதியில்) சில நிமிடங்களில் முடிந்துவிடும் என்பதால் நோடுகளை இணைக்கும் வலையின் வேகம் அவருக்கு ஒரு பொருட்டே அல்ல. 2004 டிசம்பர் 26 சுனாமியைப் போன்ற பேரலை காசிமேட்டுக் கரையை எப்படி அடையும் என்று கணக்கிடுபவருக்கு இருபரிமாணக் கட்டமே பெரும்பாலும் போதும்; நடுத்தர அளவு நினைவகத்தில் அது அடங்கிவிடும். நிலநடுக்க அலைகள் முப்பரிமாணத்தில் பரவுவதைக் கணக்கிடுபவர்தான் கிளஸ்டரை முழுவதும் விழுங்குவார். 2001 செப்டம்பர் 25 அன்று புதுச்சேரிக்கு அருகே கடலில் நிகழ்ந்த 5.5 அளவுள்ள நிலநடுக்கத்தைச் சென்னை மக்கள் தெளிவாக உணர்ந்தார்கள். அத்தகைய அதிர்வு வடசென்னையின் மென்மண்ணில் எவ்வளவு பெருகும் என்ற கேள்வி இங்குள்ள ஒரு துறை தன் சொந்தக் கேள்வியாக எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று.

வேலைகளை வரிசைப்படுத்தும் மென்பொருள், அது ஸ்லர்ம் ஆனாலும் பழைய டார்க் ஆனாலும், கடந்த ஓராண்டில் ஓடிய ஒவ்வொரு வேலையின் கணக்கையும் வைத்திருக்கும். ஒவ்வொரு வேலையும் எத்தனை கோர்களைக் கேட்டது, அவற்றில் எத்தனையை உண்மையில் பயன்படுத்தியது, உச்ச நினைவகம் எவ்வளவு, வரிசையில் எத்தனை மணி நேரம் காத்திருந்தது ஆகியவற்றை அதிலிருந்து எடுத்துப் பட்டியலிடுங்கள். பல துறைகளில், நோடுகள் போதவில்லை என்ற குறைக்குப் பின்னால், ஒரு கோர் மட்டுமே பயன்படுத்தும் வேலைகள் முழு நோடுகளைப் பிடித்து வைத்திருக்கும் உண்மை மறைந்திருக்கும். அதைச் சரிசெய்யப் பணம் எதுவும் தேவையில்லை, வரிசை அமைப்பை மாற்றினாலே போதும்.

அடுத்து, மிகப் பெரிய கணக்கைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். நாற்பது கிலோமீட்டர் நீளம், நாற்பது கிலோமீட்டர் அகலம், இருபது கிலோமீட்டர் ஆழம் கொண்ட ஒரு நிலப்பகுதியில், 1 ஹெர்ட்ஸ் வரையிலான அலைகளை நிலத்தைப் புள்ளிகளின் கட்டமாகப் பிரிக்கும் நான்காம் படி வரம்பு வேறுபாட்டு முறையில் கணக்கிட வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். மாதிரியில் மிகக் குறைந்த குறுக்கலை (பரவும் திசைக்குக் குறுக்கே நிலத்தை அசைக்கும் அலை) வேகம் வினாடிக்கு 500 மீட்டர் என்றால் மிகச் சிறிய அலைநீளம் 500 மீட்டர். அலைநீளத்துக்கு ஐந்து புள்ளிகள் என்ற கணக்கில் கட்டத்தின் இடைவெளி 100 மீட்டர் ஆகும். மொத்தம் 400 × 400 × 200, அதாவது 3.2 கோடிப் புள்ளிகள். மீள்தன்மை அலைக்கு மூன்று திசைவேகங்கள், ஆறு தகைவுகள், மூன்று பொருட்பண்புகள் எனப் புள்ளிக்குப் பன்னிரண்டு எண்கள், எண்ணுக்கு 4 பைட் என்று பெருக்கினால் 1.5 ஜிபி வருகிறது. இதற்கு மடிக்கணினியே போதும்.

ஆனால் கட்டடங்களுக்குப் பொருள்படும் அதிர்வெண் வேண்டும் என்று 4 ஹெர்ட்ஸுக்குப் போனால் இடைவெளி 25 மீட்டராகக் குறைந்து, புள்ளிகள் 204.8 கோடியாகவும், நினைவகம் ஏறத்தாழ 98 ஜிபியாகவும் உயர்கின்றன. கால அடியையும் (ஒவ்வொரு முறையும் அலையை முன்னகர்த்தும் சிறு நேர இடைவெளியையும்) அதே விகிதத்தில் குறைக்காவிட்டால் கணக்கு நிலைகுலைந்துவிடும். பாறையின் உச்ச வேகம் வினாடிக்கு 6.5 கிலோமீட்டர் என்றால், 120 வினாடி நேர அலைப்பதிவுக்கு ஏறத்தாழ 63,000 அடிகள் தேவை. அதிர்வெண்ணை இரட்டிப்பாக்கும் ஒவ்வொரு முறையும் வேலை பதினாறு மடங்காகிறது. இரண்டு முறை இரட்டித்ததால் 256 மடங்கு. எண்ணூர்க் கழிமுகத்தை ஒட்டிய மண்ணில் குறுக்கலை வேகம் 250 மீட்டராக இருந்தால், அதை மாதிரியில் சேர்க்கும்போது இன்னொரு பதினாறு மடங்கு. துறைத் தலைவருக்கும் நிதிக் குழுவுக்கும் இந்த ஒரு கணக்கைத் தெளிவாக எழுதிக் காட்டிவிட்டால், எந்த அதிர்வெண் வரை நம் சொந்தக் கிளஸ்டரில், எதற்கு மேல் வெளியில் என்ற எல்லையை அவர்களே வரைந்துவிடுவார்கள். ஆண்டுக்கு ஓரிரு முறை மட்டுமே தேவைப்படும் மிகப் பெரிய கணக்குகளுக்கு, 2015இல் தொடங்கப்பட்ட தேசிய சூப்பர்கம்ப்யூட்டிங் திட்டத்தின் கீழ் அமைந்த கணினிகளில் நேரம் கேட்டு விண்ணப்பிக்கலாம். பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தில் 2022இல் நிறுவப்பட்ட பரம் பிரவேகா அவற்றில் ஒன்று. அன்றாடத் தேவைக்கு ஏற்ற அளவில் சொந்தக் கிளஸ்டரை அமைப்பதே முறை.

கோர் எண்ணிக்கையைப் பார்த்து வாங்காதீர்கள்

அலைக் கணக்குகளில் ஒவ்வொரு புள்ளிக்கும் செய்யும் கூட்டல் பெருக்கல் குறைவு, நினைவகத்திலிருந்து எடுத்து வைக்கும் எண்களோ மிகுதி. ஆகவே செயலி பெரும்பாலான நேரம் நினைவகத்துக்காகவே காத்திருக்கிறது. 2016இல் வந்த இன்டெல் ஜியான் இ5 வி4 வரிசைச் செயலிக்கு நினைவகச் சேனல்கள், அதாவது செயலியை நினைவகத்தோடு இணைக்கும் பாதைகள், நான்கு. டிடிஆர்4-2400 நினைவகத்துடன் வினாடிக்கு 76.8 ஜிபி. 2022 நவம்பரில் வந்த ஏஎம்டி எபிக் 9004 வரிசைக்குச் சேனல்கள் பன்னிரண்டு. டிடிஆர்5-4800 உடன் 460.8 ஜிபி. இவை கோட்பாட்டு உச்சங்கள். நடைமுறையில் முக்கால் பங்கு கிடைக்கும் என்று கொண்டால், இரண்டு செயலிகள் உள்ள ஒரு பழைய நோடு வினாடிக்கு 115 ஜிபியும் புதிய நோடு 690 ஜிபியும் தரும்.

மேலே போட்ட 4 ஹெர்ட்ஸ் கணக்கில், ஓர் அடிக்கு ஒவ்வொரு புள்ளியிலும் பன்னிரண்டு எண்களைப் படித்து ஒன்பதை எழுதினால் 84 பைட், மொத்தம் 172 ஜிபி. பழைய நோடில் 63,000 அடிகளுக்கு ஏறத்தாழ 26 மணி நேரம், புதிய நோடில் 4.4 மணி நேரம். இது கீழ் எல்லைதான், உண்மையில் இதைவிடக் கூடுதலாகும். ஆயினும் இரண்டுக்கும் உள்ள விகிதம் பெரிதும் மாறாது. கோர்களின் எண்ணிக்கை இந்தக் கணக்கில் எங்குமே வரவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒரே வரிசையில் 96 கோர் செயலிக்கும் 48 கோர் செயலிக்கும் நினைவகச் சேனல்கள் பன்னிரண்டேதான். அலைக் கணக்குகளுக்கு இரண்டாவதை வாங்கி, மிச்சமாகும் பணத்தில் கூடுதல் நோடுகளைச் சேர்ப்பது பெரும்பாலும் மேலான முடிவு.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. பன்னிரண்டு சேனல்களில் ஆறில் மட்டும் 32 ஜிபி தகடுகளைச் செருகினாலும் 192 ஜிபி. பன்னிரண்டிலும் 16 ஜிபி தகடுகளைச் செருகினாலும் அதே 192 ஜிபி. காகிதத்தில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் முதல் அமைப்பில் நினைவக வேகம் பாதியாகிவிடும். விற்பனையாளர் கூடுதல் இடம் காலியாக இருக்கிறது என்று அதையே ஒரு வசதியாகச் சொல்லக்கூடும். எல்லாச் சேனல்களிலும் ஒரே அளவுத் தகடுகள் இருக்க வேண்டும் என்று விவரக்குறிப்பில் எழுத்தாகவே இடம்பெறச் செய்யுங்கள்.

ஜிபியு (பல கணக்குகளை ஒரே நேரத்தில் செய்யும் வரைகலை அட்டை) வாங்கலாமா என்பது நிரலைப் பொறுத்தது. என்விடியா ஏ100 80 ஜிபி அட்டையின் நினைவக வேகம் வினாடிக்கு ஏறத்தாழ 2 டிபி, எச்100 எஸ்எக்ஸ்எம் அட்டையில் 3.35 டிபி என்பதால், நிலநடுக்க அலைகளைக் கணக்கிடும் ஸ்பெக்ஃபெம் போன்று ஜிபியுவில் ஓடும்படி ஏற்கெனவே எழுதப்பட்ட நிரல்களுக்கு அது பெரும் பயன் தரும். துறையில் முன்பே ஓய்வுபெற்ற பேராசிரியர் எழுதிய ஃபோர்ட்ரான் நிரலை அதற்கு மாற்றி எழுத ஓர் ஆய்வு மாணவரின் முழு ஆண்டு போய்விடலாம். ஒரே ஒரு ஜிபியு நோடை முதலில் வாங்கி, யார் எவ்வளவு பயன்படுத்துகிறார்கள் என்று பார்த்த பிறகு பெருக்குவதே என் பரிந்துரை.

வலையைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம். அதே கணக்கை நான்கு நோடுகளுக்குப் பிரித்தால் ஓர் அடிக்குக் கணக்கிடும் நேரம் 0.06 வினாடி. எல்லையில் இரண்டு அடுக்குகளில் உள்ள ஒன்பது புலங்களை அடுத்த நோடுக்கு அனுப்ப வேண்டும், அது 184 எம்பி. 1 ஜிகாபிட் ஈத்தர்நெட்டில் அதற்கு 1.5 வினாடி ஆகும், கிளஸ்டர்களுக்கான அதிவேக வலையான 100 ஜிகாபிட் இன்ஃபினிபேண்டில் 0.015 வினாடி. பழைய ஸ்விட்சை வைத்துக்கொண்டு நோடுகளை மட்டும் புதுப்பித்தால், புதிய நோடுகள் பெரும்பாலான நேரம் சும்மா காத்துக்கொண்டிருக்கும்.

சேமிப்பகத்துக்கும் ஒரு கணக்கு போடுங்கள். பதிவான அலைகளிலிருந்து நிலத்தடி அமைப்பைத் தேடும் முழு அலைவடிவ நேர்மாற்று முறையில் முன்னோக்கிய அலைப்புலத்தைச் சேமித்து வைக்க வேண்டியிருக்கும். மேற்சொன்ன மாதிரியில் மூன்று திசைவேகங்களின் ஒரு பிடிப்பு 24.6 ஜிபி, பத்து அடிக்கு ஒருமுறை சேமித்தால் 155 டிபி. இதற்கு வட்டுகளை வாங்கி அடுக்குவதைவிட, சில இடங்களில் மட்டும் சேமித்து இடைப்பட்டதை மீண்டும் கணக்கிட்டுக்கொள்ளும் செக்பாயிண்ட் முறையை நிரலில் சேர்ப்பது மலிவு. தற்காலிகக் கோப்புகளுக்கு ஒவ்வொரு நோடிலும் ஓர் என்விஎம்இ வட்டு (வேகமான திடநிலை வட்டு) இருந்தால் பொதுச் சேமிப்பகத்தின் சுமை வெகுவாகக் குறையும்.

அறை

எங்கள் பழைய கிளஸ்டரில் மூன்றாம் ஆண்டிலிருந்து நினைவகப் பிழைகள் பதிவேட்டில் பெருகத் தொடங்கின. திருத்தப்பட்ட பிழைகள்தானே என்று விட்டுவைத்தோம். பிறகு ஒரு நோடைத் திறந்து பார்த்தபோது தகடுகளின் தொடுமுனைகள் பச்சை பூத்திருந்தன. ஜன்னல் இடுக்குகள் வழியே வந்த கடற்காற்றின் உப்பும், மணலி, எண்ணூர்ப் பக்கத்துத் தொழிற்பகுதிகளிலிருந்து வரும் கந்தக வாயுக்களும், சென்னையின் ஈரப்பதமும் சேர்ந்தால் செம்பும் வெள்ளியும் அரிக்கும். ஈயமில்லாப் பற்றாசு வழக்கத்துக்கு வந்த பிறகு சுற்றுத்தகடுகளில் வெள்ளிப் பூச்சு அதிகமாகியிருப்பதால் இந்த ஆபத்தும் கூடியிருக்கிறது.

இதை அளக்க முடியும். செம்பு, வெள்ளி இரண்டின் சிறு மாதிரித் தகடுகளை அறையில் முப்பது நாள் தொங்கவிட்டு, ஆய்வுக்கூடத்தில் அரிப்புப் படலத்தின் தடிமனைக் கணக்கிடச் சொல்லுங்கள். மாதத்துக்குச் செம்பில் 300 ஆங்ஸ்ட்ரோமுக்கும் வெள்ளியில் 200 ஆங்ஸ்ட்ரோமுக்கும் கீழ் இருந்தால் அறை ஐஎஸ்ஏ 71.04 தரநிலையின் ஜி1 வகுப்பில் (அரிப்பு மிகக் குறைந்த வகுப்பில்) சேரும். அதற்கு மேல் போனால் முதலில் அறையைச் சரிசெய்யுங்கள். ஜன்னல்களை முழுவதும் அடைத்து, கதவுக்கு முன் ஒரு சிறு இடைவெளி அறை அமைத்து, உள்ளே வரும் காற்றைத் தூசி வடிகட்டியோடு செயல்படுத்திய கரி வடிகட்டி வழியாகவும் செலுத்தி, அறைக்குள் காற்றழுத்தம் வெளியைவிடச் சற்று மிகுந்திருக்கும்படி பார்த்துக்கொள்ள வேண்டும். மார்கழி இரவுகளில் வெளிக்காற்றை உள்ளே விட்டுக் குளிரூட்டலாம் என்ற யோசனை மேற்கே உள்ள வளாகங்களுக்குப் பொருந்தலாம். கடலிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் இருப்பவர்கள் அதைக் கைவிடுவதே நல்லது.

குளிரூட்டலுக்கான கணக்கு எளிது. பதினாறு நோடுகள், நோடுக்கு 800 வாட் என்றால் 12.8 கிலோவாட். அது முழுவதும் வெப்பமாகவே வெளிவரும். ஒரு டன் குளிரூட்டல் 3.517 கிலோவாட்டை நீக்கும் என்பதால் 3.64 டன் தேவை. யுபிஎஸ் இழப்பையும் சுவர் வழியே வரும் வெயிலையும் சேர்த்து ஐந்து டன் என்று வைத்து, அதே அளவில் இரண்டு இயந்திரங்களை மாற்றி மாற்றி ஓடவிடுங்கள். கத்திரி வெயில் நாட்களில் ஒன்று பழுதானால் மற்றொன்று தனியாகச் சுமையைத் தாங்க வேண்டும். நோடுகளின் முன்பக்கம் நுழையும் காற்று 18 முதல் 27 டிகிரி செல்சியஸுக்குள் இருந்தால் போதும். வீட்டு ஏசியை 16 டிகிரியில் வைத்துவிட்டு அறை சில்லென்று இருப்பதாக மகிழ்வது வீண்செலவு, கதவு திறக்கும்போதெல்லாம் ஈரம் படியவும் அது இடம் தரும். வெளிப்புற இயந்திரத்தைக் கடலுக்கு முதுகு காட்டும் சுவரில் பொருத்தி, துடுப்புகளுக்கு அரிப்புத் தடுப்புப் பூச்சு கேட்டு வாங்குங்கள். மின்தடைக்குப் பிறகு ஏசி தானாகவே மீண்டும் ஓடத் தொடங்குகிறதா என்பதை உங்கள் கண்ணால் சோதித்துப் பாருங்கள்.

யுபிஎஸ் கணினிகளை மட்டுமே தாங்கும், ஏசியைத் தாங்காது. ஜெனரேட்டர் கிளம்பாமல் போனால் சில நிமிடங்களில் அறை கொதிக்கும். ஆகவே நுழைகாற்று 32 டிகிரியைத் தொட்டால் புதிய வேலைகளை நிறுத்தவும், 35 டிகிரியில் நோடுகளை முறையாக அணைக்கவும் ஒரு சிறு நிரலை எழுதிவையுங்கள். பேட்டரிகளையும் குளிர்ந்த இடத்திலேயே வைக்க வேண்டும். 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு பத்து டிகிரிக்கும் ஈய அமிலப் பேட்டரியின் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகிவிடும். பதினாறு நோடுகள் ஆண்டு முழுவதும் முழுச் சுமையில் ஓடினால் கணினிகள் மட்டுமே 1,12,000 யூனிட் மின்சாரம் கொள்ளும் என்பதையும் நிதிப் பிரிவுக்கு முன்கூட்டியே எழுத்தில் தெரிவித்துவிடுங்கள்.

எர்த்திங் விஷயத்தில் புவி இயற்பியலாளருக்கு ஒரு தனிச் சலுகை உண்டு. மண்ணின் மின்தடைத்திறனை அளக்க எர்த்திங்குக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 3043 பரிந்துரைக்கும் வென்னர் முறை, நாம் கள ஆய்வுக்கு எடுத்துச் செல்லும் அதே நான்கு மின்முனை முறைதான். முனைகளுக்கு இடையே 2 மீட்டர் இடைவெளி விட்டு நட்டு, கருவி 0.8 ஓம் காட்டினால் மின்தடைத்திறன் இரண்டு பை பெருக்கல் 2 பெருக்கல் 0.8, அதாவது ஏறத்தாழ 10 ஓம்-மீட்டர். உப்புநீர் ஏறிய மண்ணில் இவ்வளவு குறைந்த மதிப்பு வருவது இயல்பு. எர்த் மின்தடை எளிதில் குறைந்துவிடுமே என்று நான் மகிழ்ந்தபோது எங்கள் எலக்ட்ரீஷியன் தடுத்துச் சொன்னார்: “சார், உப்புத் தண்ணி ஏறுற மண்ணு இது. ஜிஐ பைப் போட்டா நாலு வருஷத்துல உளுத்துடும், செம்பு போடுங்க.” அவர் சொன்னது முற்றிலும் சரி; மின்தடைத்திறன் குறைந்த மண் உலோகத்தை விரைவில் அரிக்கும். செம்பு மின்முனையே போடுங்கள். மேல்மண் மிகவும் காய்ந்திருக்கும் மே மாதத்தில் ஒருமுறை அளந்து, ஆண்டுதோறும் அதே மாதத்தில் அளவீட்டைத் திரும்பச் செய்யுங்கள். நியூட்ரலுக்கும் எர்த்துக்கும் இடையே 2 வோல்ட்டுக்கு மேல் வந்தால் நோடுகளை இணைக்கும் முன் காரணத்தைக் கண்டுபிடியுங்கள்.

இனி வெள்ளம். 2015 டிசம்பர் மழையும், 2023 டிசம்பர் தொடக்கத்தில் மிக்ஜாம் புயல் கொண்டுவந்த மழையும் வியாசர்பாடி, கொருக்குப்பேட்டை, எண்ணூர்ப் பகுதிகளில் என்ன செய்தன என்பதை இங்குள்ளவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. கிளஸ்டரும் பேட்டரிகளும் மின்பலகையும் முதல் தளத்திலாவது இருக்க வேண்டும். ஜெனரேட்டரின் மேடையையும் பழைய வெள்ளக் குறிக்கு மேலே கட்ட வேண்டும். ஆனால் மேல்தளத்துக்குப் போனால் எடை பற்றிய கேள்வி எழுகிறது. நோடுகள் நிரம்பிய ஒரு ரேக் (அடுக்குச் சட்டம்) 800 கிலோ இருந்தால், அதன் அடிப்பரப்பு 0.72 சதுர மீட்டர் என்பதால் சதுர மீட்டருக்கு 1,100 கிலோவுக்கு மேல் அழுத்தும். வகுப்பறைத் தளங்களோ சதுர மீட்டருக்கு ஏறத்தாழ 300 கிலோ என்ற அளவில் வடிவமைக்கப்படுபவை. பழைய வளாகங்களில் தேக்குக் கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் இட்டுக் கட்டிய மெட்ராஸ் டெரஸ் தளமாக இருந்தால் இன்னும் எச்சரிக்கை வேண்டும். கட்டமைப்புப் பொறியாளரை அழைத்து, விட்டங்களின் மேல் சுமை பரவும்படி எஃகுச் சட்டம் அமைத்து, சுவரை ஒட்டி ரேக்குகளை நிறுத்துங்கள். இந்த ஒப்புதல் கையில் வராமல் டெண்டர் விடாதீர்கள்.

டெண்டர்

டெண்டரில் செயலியின் பெயரையும் கோர் எண்ணிக்கையையும் மட்டும் எழுதினால் மிகக் குறைந்த விலையில் மிகக் குறைந்த வேகமே வந்து சேரும். ஒரு நோடில் நினைவக வேகத்தை அளக்கும் ஸ்ட்ரீம் சோதனை வினாடிக்குக் குறைந்தது எத்தனை ஜிபி காட்ட வேண்டும், இரு நோடுகளுக்கு இடையே வலையை அளக்கும் ஓஎஸ்யு சோதனை எவ்வளவு தாமதம் காட்டலாம், உங்கள் சொந்த நிரலின் ஒரு மாதிரிக் கணக்கு எத்தனை நிமிடத்தில் முடிய வேண்டும் என்று எழுதுங்கள். அந்த அளவுகளை நிறுவிய இடத்தில் காட்டிய பிறகே இறுதித் தவணை என்றும் சேர்த்துவிடுங்கள். உத்தரவாதம் ஐந்து ஆண்டு, உதிரி பாகங்கள் சென்னையிலேயே கிடைக்க வேண்டும், அரிப்பால் வரும் பழுது உத்தரவாதத்தில் அடங்குமா என்பதற்கு எழுத்துமூலப் பதில் வேண்டும்.

தரவு, மென்பொருள், மாற்றும் நாட்கள்

வன்பொருளைத் தொடும் முன் தரவைக் காப்பாற்றுங்கள். மீஞ்சூர்ப் பகுதியில் கடல்நீர் உட்புகுவது 1960களின் இறுதியிலிருந்தே அறியப்பட்ட ஒன்று. எல்லை ஆண்டுதோறும் நகர்ந்துகொண்டிருப்பதால், ஒரு கிணற்றருகே அன்று எடுத்த மின்தடை அளவீட்டை இன்று யாராலும் மீண்டும் எடுக்க முடியாது. கணக்கின் முடிவுகள் தொலைந்தால் மறுபடி ஓட்டிப் பெறலாம், கள அளவீடு தொலைந்தால் அது போனதுதான். மூன்று பிரதிகள் எடுத்து, அவற்றில் ஒன்றைச் சென்னைக்கு வெளியே வையுங்கள். ஒவ்வொரு கோப்புக்கும் செக்சம் (உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடும் சரிபார்ப்பு எண்) எடுத்து, நகல் முடிந்தபின் ஒப்பிடுங்கள். நில அதிர்வுப் பதிவுகளைச் சேமிக்கும் செக்-ஒய் வடிவக் கோப்புகளை நகலெடுப்பதோடு நின்றுவிடாமல் புதிய கணினியில் திறந்தும் பாருங்கள். 1975ஆம் ஆண்டின் அந்த வடிவத்தில் 3,200 பைட் தலைப்பு ஐபிஎம்மின் பழைய எழுத்து முறையான எப்சிடிக் குறிமுறையிலும், எண்கள் பெரும்பாலும் ஐபிஎம் மிதவைப் புள்ளி முறையிலும் இருக்கும். தவறான முறையில் படிக்கும் நிரல் பிழைச் செய்தி எதுவும் தராமல் பொருளற்ற அலைகளைக் காட்டும்.

இயங்குதளத்தைப் பொறுத்தவரை, சென்ட்ஓஎஸ் 7க்கான ஆதரவு 2024 ஜூன் 30 அன்று முடிந்துவிட்டது. ராக்கி லினக்ஸ் 9 அல்லது அல்மா லினக்ஸ் 9க்குப் போனால் 2032 மே வரை பாதுகாப்புத் திருத்தங்கள் கிடைக்கும். மேலே கிளஸ்டர் மென்பொருள்களைத் திரட்டித் தரும் ஓப்பன்எச்பிசி தொகுதியும், நோடுகளுக்கு ஒரே வட்டுப் பிம்பத்தை வலைவழியே வழங்கும் வேர்வுல்ஃபும் இருந்தால் ஓரிருவரே பராமரிக்கக்கூடிய அமைப்பு கிடைத்துவிடும். ஸ்லர்மைப் புதுப்பிக்கும்போது முதலில் கணக்கு வைக்கும் தரவுத்தளச் சேவை, பிறகு கட்டுப்பாட்டுச் சேவை, கடைசியில் நோடுகளின் சேவை என்ற வரிசையை மாற்றாதீர்கள். தரவுத்தளத்தின் நகலை எடுத்த பிறகே தொடங்குங்கள், ஒரே தாவலில் இரண்டு பெரிய பதிப்புகளுக்கு மேல் தாண்டாதீர்கள்.

எல்லா நிரல்களையும் மீண்டும் கம்பைல் செய்ய வேண்டும். ஜிசிசி 10 முதல், பழைய ஃபோர்ட்ரான் நிரல்களில் ஒரே துணைநிரலை வெவ்வேறு வகை மாறிகளோடு அழைப்பது எச்சரிக்கையாக இல்லாமல் பிழையாகவே கருதப்படுகிறது. அதை அனுமதிக்கும் தெரிவு கம்பைலரில் இருந்தாலும், ஒவ்வொரு இடத்தையும் படித்துப் பார்த்துத் திருத்துவதே நல்லது. எங்கள் நிரலில் அவ்வாறு படித்தபோது பல ஆண்டுகளாக மறைந்திருந்த உண்மையான தவறு ஒன்று வெளிப்பட்டது. பைதான் 2இல் எழுதிய தரவுச் சீரமைப்பு நிரல்களுக்கும் ஜிஎம்டி 4க்கு எழுதிய வரைபட ஸ்கிரிப்டுகளுக்கும் தனியே நேரம் ஒதுக்குங்கள். மாணவர்கள் இதைத்தான் கடைசி வாரத்தில் கண்டுபிடிப்பார்கள்.

பழைய கிளஸ்டரை நிறுத்தும் முன் அதில் சில நிலையான கணக்குகளை ஓட்டி முடிவுகளைப் பத்திரப்படுத்துங்கள். அவற்றில் ஒன்று, ஹோரஸ் லாம்ப் 1904இல் தீர்த்த அரைவெளிப் பிரச்சினை (மேற்பரப்பில் தட்டினால் கீழே எல்லையற்ற நிலத்தில் அலை எப்படிப் பரவும் என்பது) போலப் பகுப்பாய்வுத் தீர்வு உள்ளதாக இருக்கட்டும். புதிய செயலியில் கூட்டும் வரிசை மாறுவதால் எண்கள் கடைசி இலக்கம் வரை ஒத்திருக்கா. அதை எதிர்பார்க்கவும் கூடாது. அலைப்பதிவுகளின் வேறுபாட்டை அலைப்பதிவின் மொத்த அளவால் வகுத்து, அது பத்தாயிரத்தில் ஒரு பங்குக்குக் கீழ் இருக்கிறதா என்று பாருங்கள். மீறினால் கம்பைலரின் வேகத் தெரிவுகளைக் குறைத்து மீண்டும் ஓட்டி, எந்தத் தெரிவு காரணம் என்று தேடுங்கள்.

மாற்றத்துக்கு உகந்த காலம் பொங்கல் முடிந்து தை, மாசி மாதங்கள். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்திருக்கும், வெயில் தொடங்கியிருக்காது, தேர்வுகளும் தொலைவில் இருக்கும். புதிய தலைமை நோடைப் பழையதற்குப் பக்கத்திலேயே எழுப்பி, நான்கு நோடுகளை மட்டும் அதன்கீழ் கொண்டுவந்து, விருப்பமுள்ள மாணவர்களை இரண்டு வாரம் ஓட்டச் சொல்லுங்கள். அவர்கள் சொல்லும் குறைகளைத் தீர்த்த பிறகு மற்றவற்றை நகர்த்துங்கள். புதிய நோடுகள் அனைத்தையும் குறைந்தது 72 மணி நேரம் முழுச் சுமையில் ஓட்டி, அப்போது அறையின் வெப்பநிலை, ஈரப்பதம், நினைவகப் பிழைப் பதிவு மூன்றையும் குறித்து வையுங்கள். இனி வரும் ஆண்டுகளில் ஒப்பிட்டுப் பார்க்க அதுவே அடிப்படை அளவீடு.

பழைய நோடுகளில் நல்ல நிலையில் உள்ள இரண்டை, பழைய இயங்குதளத்தோடு, வெளி இணையத் தொடர்பைத் துண்டித்து அப்படியே ஓடவிடுங்கள். ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு வாய்மொழித் தேர்வுக்குக் காத்திருக்கும் மாணவரிடம் தேர்வாளர் ஒரு வரைபடத்தை மீண்டும் உருவாக்கிக் காட்டச் சொன்னால், அவர் திரும்பிச் செல்ல ஓர் இடம் வேண்டும். மற்றவற்றின் வட்டுகளை முழுவதும் அழித்து, பதிவுபெற்ற மின்கழிவு மறுசுழற்சியாளரிடம் ஒப்படைத்து, ரசீதை இருப்புப் பதிவேட்டில் ஒட்டுங்கள். அந்த இரண்டு நோடுகளையும் கடைசி மாணவரின் வாய்மொழித் தேர்வு முடிந்த பிறகு அணைக்கலாம்.